டேங்கில் இருக்கும் பெயரும் கழுத்தில் இருக்கும் எண்ணும்: பழைய பாணிப் புது பைக் வாங்கும் முன்

டிரையம்ப் ஸ்பீட் 400 டேங்கில் இருப்பது இங்கிலாந்துப் பெயர். வண்டியைச் செய்வது புனே பக்கம் சாக்கனில் பஜாஜ். பிஎஸ்ஏ கோல்டு ஸ்டார் என்றதும் பெரியவர்களுக்கு பர்மிங்காம் ஞாபகம் வரும்; இன்றைய கோல்டு ஸ்டார் 650 மத்தியப் பிரதேசம் பீதம்பூரில், ஜாவா, எஸ்டி வண்டிகள் வரும் அதே ஊரில் தயாராகிறது. ஹார்லி டேவிட்சன் எக்ஸ்440 ராஜஸ்தான் நீம்ரானாவில் ஹீரோ செய்வது. டிரையம்பின் பெரிய போனவில் வண்டிகள் உருவாவது தாய்லாந்தின் சோன்புரியில். உருண்டை ஹெட்லைட்டும் குரோம் மட்கார்டுமாக ஷோரூமில் நிற்கும் வண்டிகளில் பெயரும் பிறப்பும் ஒரே ஊராக இருப்பவை மிகக் குறைவு.

அதனால் "இது எங்கே செய்தது?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் விற்பவருக்கு எது வசதியோ அதுதான் பதிலாக வரும். நான்காகப் பிரித்துக் கேளுங்கள். பெயர் எந்த ஊருடையது? வரைந்தது எங்கே? இன்ஜினை வார்த்து, கடைந்து, வண்டியைக் கோர்த்தது எங்கே? பாகங்கள் எங்கிருந்து வருகின்றன? முதல் கேள்வி பெருமைக்கு. இரண்டாவது வண்டி ஓடும் விதத்துக்கு. மூன்றும் நான்கும்தான் உங்கள் பணப்பையைத் தொடுபவை. ஐந்து வருடம் கழித்து ஒரு கிளட்ச் பிளேட்டுக்காக எத்தனை நாள் காத்திருப்பீர்கள் என்பதை அவை சொல்லிவிடும்.

ராயல் என்ஃபீல்டை இந்த நான்கில் வைத்துப் பாருங்கள். பெயர் இங்கிலாந்து ரெட்டிச்சுடையது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கோர்த்தார்கள். 1957இல் அச்சுகளையும் கருவிகளையும் வாங்கி இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் 1970க்குள் எல்லாம் மூடியாயிற்று. இங்கே புல்லட் நிற்கவில்லை. 1994இல் ஐஷர் கம்பெனியின் கைக்கு வந்து, 2013இல் ஒரகடம், 2017இல் வல்லம் வடகால் ஆலைகள் வந்தன. மற்றக் கம்பெனிகள் பழைய உருவத்தைத் தேடி எடுத்து மறுபடி ஒட்ட வைத்தன என்றால், இங்கே உருவம் விட்டுப்போகாமல் உள்ளே இருக்கும் இன்ஜின் மட்டும் மாறியது. ஆனால் இன்றைய வண்டிகளின் வடிவமைப்பில் இங்கிலாந்து புருன்டிங்தார்ப்பில் உள்ள அவர்களின் தொழில்நுட்ப மையத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஆக, பெயர் அங்கே, வரைவு அங்கேயும் இங்கேயும், தயாரிப்பு சென்னை. பிரேசில், தாய்லாந்து போன்ற நாடுகளில் ஓடுபவைகூட இங்கிருந்து பெட்டியில் போய் அங்கே கோர்க்கப்படுபவைதான்.

பாகங்கள் கதை இன்னும் சுவாரசியம். பல இந்திய வண்டிகளில் பிரேக்கின் மேல் பைபிரே என்று இருக்கும். அது இத்தாலிய பிரெம்போவின் இந்தியப் பிராண்டு. செயினில் ரோலான் என்று இருந்தால் கோவை எல்ஜிபி. டயரில் யூரோகிரிப் என்றால் மதுரை. கோவை பிரிக்கால் பல கம்பெனிகளுக்கு மீட்டர் செய்கிறது. வெளியூர்ப் பெயர் போட்ட வண்டிக்குள்ளும் தமிழ்நாட்டுப் பாகம் இருக்கலாம், உள்ளூர்ப் பெயருக்குள் வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் இருக்கலாம். "நூற்றுக்கு நூறு நம்ம வண்டி" என்று எவராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

தயாரிக்கும் ஊர் முக்கியம் என்று நினைப்பவர்களில் சிலருக்கு அங்கே வேலை செய்பவர்களின் நிலையும் முக்கியமாக இருக்கும். அப்படியானால் நாட்டின் பெயரோடு நிற்காதீர்கள். 2018இல் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு, யமஹா இரண்டு ஆலைகளிலும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கே செய்தது என்பதற்கு விடை கிடைத்தாலும், அங்கே நிரந்தர வேலை எவ்வளவு, ஒப்பந்த வேலை எவ்வளவு என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை ஷோரூமில் கிடைக்காது, தொழிற்சங்கச் செய்திகளில்தான் தேட வேண்டும்.

சேஸிஸ் நம்பரைப் படிப்பது

ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுக்கத் திருப்புங்கள். வண்டியின் கழுத்தில், பெரும்பாலும் வலது பக்கம், 17 எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருக்கும். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் வராது. ஒன்றும் பூஜ்யமும் குழம்பக்கூடாது என்பதற்காக. முதல் மூன்று இடம் தயாரிப்பாளரின் குறி. எம்ஏ முதல் எம்இ வரை தொடங்கினால் இந்தியா, எம்எல் முதல் எம்ஆர் வரை தாய்லாந்து, ஜே என்றால் ஜப்பான், எஸ்ஏ முதல் எஸ்எம் வரை பிரிட்டன். இன்னும் நெருங்கிப் பார்த்தால் எம்இ3 ராயல் என்ஃபீல்டு, எம்இ4 இந்திய ஹோண்டா டூவீலர், எம்டி2 (MD2) பஜாஜ், எம்டி6 (MD6) டிவிஎஸ், எம்பிஎல் (MBL) ஹீரோ.

இதில் ஒரு ஓட்டை உண்டு. அந்த மூன்றெழுத்து கம்பெனி எந்த நாட்டில் குறி வாங்கியது என்பதைச் சொல்கிறதே தவிர, கடைசித் திருகு எங்கே முடுக்கப்பட்டது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரு நாட்டுக் குறியோடு இன்னொரு நாட்டில் கோர்த்த வண்டிகள் உலகத்தில் உண்டு. ஆகவே அதோடு ஃபார்ம் 21 என்ற விற்பனைச் சான்றிதழ், ஃபார்ம் 22 என்ற மாசு, பாதுகாப்புச் சான்றிதழ் இரண்டையும் பாருங்கள். யார் தயாரிப்பாளர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறதோ அவர்தான் நாளை வாரண்டிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

ஃபார்ம் 21இல் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். டிசம்பரில் செய்த வண்டியை பிப்ரவரியில் வாங்கினால் ஆர்சியில் போன வருடம்தான் ஏறும். விற்கும்போது ஒரு வயது கூடுதலாகவே மதிப்பிடுவார்கள். அதற்குத் தகுந்த தள்ளுபடி கேட்பது உங்கள் உரிமை. கேட்காவிட்டால் யாரும் தரப்போவதில்லை.

350 என்ற மதில்

என்ஃபீல்டின் கிளாசிக் 349 சிசி, ஹோண்டா சிபி350 348 சிசி, ஜாவா 350 என்று பெயர் வைத்தது 334 சிசி. இத்தனை பேரும் 350ஐத் தொடாமல் ஒதுங்குவது தற்செயல் இல்லை. இந்த வண்டிகள் எந்த நாட்டுச் சட்டத்துக்காகப் பிறந்தவை என்பதற்கு அந்த எண்ணே மச்சம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். வரிக்கு முன் 2,00,000 ரூபாய் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்: மதிலுக்கு இந்தப் பக்கம் வரி 36,000, அந்தப் பக்கம் 80,000. கட்டாய ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு, 2022இல் அறிவித்த கட்டணப்படி, 150க்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய். 350ஐத் தாண்டினால் 15,117. இவை போக தமிழ்நாட்டு ஆயுள் வரி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 12 சதவீதம். 398 சிசி ஸ்பீட் 400, எக்ஸ்440, என்ஃபீல்டின் 650 வண்டிகள் எல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம். பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்து ஒப்பிடாமல் ஆன்ரோடு விலையை வரிவரியாக எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். "ஹேண்ட்லிங் சார்ஜ்", "ஆக்சஸரிஸ் பேக்" என்று வரும் வரிகளை அடிக்கச் சொல்லலாம். காப்பீட்டை வெளியே எடுத்துக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

முழு வண்டியாக இறக்குமதியாகும் மாடல் என்றால் கணக்கு வேறு. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு 1600 சிசி வரையிலான முழு வண்டிக்குச் சுங்கவரி 40 சதவீதம், முழுக்கப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே கோர்ப்பதற்கு 10 சதவீதம். இந்த மாதிரி வண்டியில் விலையைவிட ஸ்பேர்ஸ்தான் தலைவலி. ஒரு இண்டிகேட்டர் உடைந்தால்கூட அது கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருக்கும்.

விற்பனை மேஜையை விட்டு ஸ்பேர்ஸ் கவுண்டருக்கு

தயாரிக்கும் ஊரால் உங்களுக்கு என்ன லாபம் என்பதை அளக்க ஒரு வழி இருக்கிறது. டெஸ்ட் ரைடுக்கு முன்பே சர்வீஸ் சென்டரின் பாகங்கள் கவுண்டருக்குப் போய் ஏழு பொருளுக்கு விலையும் இருப்பும் கேளுங்கள்: கிளட்ச் கேபிள், முன் பிரேக் லீவர், ஒரு இண்டிகேட்டர், கிளட்ச் பிளேட் செட், செயின் ஸ்ப்ராக்கெட் கிட், ஹெட்லைட் அசெம்பிளி, சைலன்சர். முதல் மூன்றும் வண்டி நின்ற இடத்தில் சாய்ந்தாலே போகக்கூடியவை. அவை கையில் இல்லை என்றால் அந்த சென்டரை நம்பி வண்டி எடுக்காதீர்கள். மற்றவை நான்கைந்து நாளில் வந்தால் போதும். "ஆர்டர் போட்டால் வரும்" என்ற பதிலோடு தேதி வராவிட்டால் அது பதில் இல்லை.

சனிக்கிழமை காலையில் போனால் இன்னொன்றும் தெரியும். பாதி பிரித்துத் தூசு படிந்து ஓரமாக நிற்கும் வண்டிகள் எத்தனை, எந்த மாடல் என்று எண்ணுங்கள். அவை ஸ்பேர்ஸுக்குக் காத்திருப்பவை.

சென்னையில் செய்யும் வண்டிக்கு ஜி.பி. ரோட்டில் பாகம் கிடைக்கும், புதுப்பேட்டையில் பழைய பாகமும் கிடைக்கும், சின்ன ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் உள்ளூர்த் தயாரிப்பின் அருமை நிஜமானது. ஆனால் போலியும் அதே தெருவில்தான் கிடைக்கும். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், ஆயில் ஃபில்டர் மூன்றையும் கம்பெனி கவுண்டரிலேயே வாங்குங்கள். லெக் கார்டும் சீட் கவரும் எங்கே வாங்கினாலும் பரவாயில்லை.

இன்ஜினின் குணம்

பழைய பாணி என்ற ஒரே பெயரில் இரண்டு சாதி இன்ஜின் விற்கிறது. கிளாசிக் 350இன் சிலிண்டர் விட்டம் 72 மி.மீ., பிஸ்டன் நடக்கும் தூரம் 85.8 மி.மீ. நீள நடை. அதனால் 27 நியூட்டன் மீட்டர் இழுவை நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே கிடைக்கிறது. ஹோண்டா ஹைனஸ் இன்னும் நீளம்: 90.5 மி.மீ. நடை, 30 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,000 சுற்றில். 398 சிசி ஸ்பீட் 400 நேர் எதிர்: 89க்கு 64, இழுவை 37.5 என்றாலும் அது 6,500 சுற்றில். உருவம் பழசு, மனசு புதுசு.

நாளும் நகரத்துக்குள், மூன்றாம் கியரில் டுப்டுப் என்று ஊர்வதுதான் உங்களுக்கு வேண்டியது என்றால் நீள நடை இன்ஜின் எடுங்கள். சென்னை–பெங்களூரு சாலையில் 110இல் மணிக்கணக்காகப் போகிறவர் 20 குதிரைசக்திக் காற்றுக்குளிர் இன்ஜின் எடுத்துவிட்டு "இழுக்கவில்லை, அதிர்கிறது" என்று புலம்புவது வண்டியின் குற்றம் இல்லை. அவருக்கு ஸ்பீட் 400, இல்லாவிட்டால் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் போன்ற இரட்டைச் சிலிண்டர் வண்டி.

டெஸ்ட் ரைடில் ஷோரூம்காரர் காட்டும் நேர்ச்சாலை எதையும் காட்டாது. வண்டியில் உட்காரும் முன் பக்கத்தில் நின்று பின்னால் தள்ளிப் பாருங்கள். கிளாசிக் 195 கிலோ, ஹைனஸும் என்ஃபீல்டின் ஹண்டரும் 181. அந்த 14 கிலோ ஓடும்போது தெரியாது, சரிவான வீட்டு வாசலில் தெரியும். சீட் உயரம் ஹண்டர் 790, ஹைனஸ் 800, கிளாசிக் 805 மி.மீ.; ஆனால் சீட்டின் அகலமும் தொடையை விரிக்கும் என்பதால் எண்ணை நம்பாமல், நீங்கள் தினமும் போடும் செருப்போ ஷூவோ அதோடு உட்கார்ந்து இரு பாதத்தின் முன்பகுதியாவது அழுந்துகிறதா என்று பாருங்கள். சின்னத் தெருவில் ஒரு யூ-டர்ன். மூன்றாம் கியரில் 30இலிருந்து த்ராட்டிலைத் திறந்து பாருங்கள். பத்து நிமிடம் ஓட்டியபின் சிக்னலில் நின்று வலது காலுக்குச் சூடு எவ்வளவு வருகிறது என்று கவனியுங்கள். பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிப் போங்கள். பழைய பாணி வண்டிகளில் பின் சீட் பெரும்பாலும் பலகைதான், அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அவர்.

ஸ்போக்ஸா அலாயா

படத்துக்கு ஸ்போக்ஸ், பஞ்சருக்கு அலாய். சாதாரண ஸ்போக்ஸ் சக்கரத்தில் ஸ்போக் நுழையும் துளை வழியே காற்று போய்விடும் என்பதால் டியூப் போட்டாக வேண்டும். ஆணி ஏறினால் டியூபில் காற்று சில நொடியில் இறங்கிவிடும். கனமான வண்டியில் பின் சக்கரத்தைக் கழற்றி, டயரை விளிம்பிலிருந்து பிரித்து ஒட்ட வேண்டும். டியூப்லெஸ்ஸில் ஆணியோடு மெதுவாகப் பஞ்சர் கடை வரைக்கும் போகலாம், பத்து நிமிட வேலை. ஹைனஸ், ஸ்பீட் 400 அலாயோடுதான் வருகின்றன. கிளாசிக், ஹண்டர் போன்றவற்றில் அது எந்த நிறம், எந்த வகை என்பதைப் பொறுத்தது. நிறத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு சக்கரத்தைப் பற்றிக் கேட்டால் தாமதம். ஸ்போக்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் சென்டர் ஸ்டாண்ட் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அது இல்லாமல் பின் சக்கரம் கழற்றுவது கஷ்டம்.

மீதிப் பணம் கட்டுவதற்கு முன்

பதிவுக்கு அனுப்பிவிட்டால் அது உங்கள் வண்டி, கீறலும் உங்களுடையது. எனவே முன்பணம் மட்டும் கட்டி, வண்டி வந்ததும், பதிவுக்கு முன் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேஸிஸ், இன்ஜின் எண்களைப் படம் எடுத்து இன்வாய்ஸோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். வண்டியின் மாதத்துக்கும் டயருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் காரணம் கேளுங்கள். பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது 12.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் வண்டி நீண்ட நாள் கிடங்கில் நின்றிருக்கலாம். சார்ஜ் ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

குரோமைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஹெட்லைட் வளையம், சைலன்சர் வளைவின் அடிப்பக்கம், ஸ்போக் நிப்பிள், மட்கார்டின் உள்விளிம்பு. ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி இருந்தாலும் வாங்காதீர்கள். அது வளரும், தேய்த்தால் போகாது. டேங்கின் கோடுகள் கையால் வரைந்தவையாக இருந்தால் இரு பக்கமும் மயிரிழை வித்தியாசம் இருப்பது இயல்பு, அது குறை அல்ல, அழகு. ஸ்டிக்கராக இருந்து ஓரம் எழும்பியிருந்தால் குறை. ஸ்போக்குகளைச் சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே ஓசை தர வேண்டும். மொத்தென்று ஒலிப்பது தளர்ந்தது.

முதல் 500 கிலோமீட்டர்

ரன்-இன், அதாவது புது இன்ஜினைப் பழக்குவது, என்றால் டாப் கியரில் 40இல் ஊர்வது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது இன்ஜினைத் திணறடிக்கும் வழி. குறைந்த சுற்றில் அதிகச் சுமை கொடுத்தால் ஆயில் அழுத்தம் குறைவாக இருக்கும்போது பேரிங் மேல் பாரம் விழும். செய்ய வேண்டியது: பாதித் த்ராட்டிலுக்கு மேல் திறக்காமல், வேகத்தை ஏற்றி இறக்கி, தேவைப்பட்ட இடத்தில் கியரைக் குறைத்து ஓட்டுவது. ஒரே வேகத்தில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம். முதல் சர்வீஸில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். புதுப் பல்சக்கரங்கள் உரசி உதிர்த்த உலோகத்தூள் அதில்தான் மிதக்கிறது. ஸ்போக்ஸ் வண்டி என்றால் அன்றைக்கே முறுக்குச் சரிபார்க்கச் சொல்லுங்கள், சொல்லாமல் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள்.

வேறு சைலன்சர் மாட்டுவதைப் பற்றி: ஆக்ஸிஜன் சென்சார் இருக்கும் இன்றைய வண்டியில் சைலன்சரை மாற்றினால் எரிபொருள் கலவை கலையலாம், வாரண்டி மறுக்கப்படலாம், போலீஸும் நிறுத்துவார்கள். ஓசைதான் முக்கியம் என்றால் வாங்கும்போதே அந்த ஓசை இருக்கிற வண்டியை வாங்கிவிடுங்கள்.

பெசன்ட் நகர், தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் குரோம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு வாரம் ஒரு வேலை உண்டு. ஆறிய வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவிடாமல் துணியால் துடைத்து, குரோம் மேல் மெல்லிசாக மெழுகு பாலிஷ். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவதைவிடக் கழுவாமல் துடைப்பது மேல். மேட் பெயின்ட் மேல் பாலிஷ் பட்டால் திட்டுத்திட்டாக மின்னும், திரும்பாது. முன் ஃபோர்க்கில் ரப்பர் உறை இருந்தால் மழைக்காலம் முடிந்ததும் அதைக் கொஞ்சம் மேலே தூக்கிக் குழாயைத் துடையுங்கள்; தூசியைத் தடுக்கும் அதே உறை ஈரத்தையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும், ஆயில் சீல் கிழிவது அதற்குப் பிறகு.